ஒரு கொமெண்டுக்கு 47 நாள்

காலை ஏழரைக்குக் கடையைத் திறந்து போட்டோகொப்பி மெஷினைப் போட்டிருந்தேன். பக்கத்து மரக்கறிக் கடை அய்யே போனைக் கையில் பிடித்தபடி வந்து நின்றார். சிங்களவர், அப்பாவின் காலத்துப் பழக்கம், எனக்கு அவர் அய்யே (அண்ணன்), அவருக்கு நான் எப்போதும் மல்லி (தம்பி). “மல்லி, மேக்க ஒயாத?” (இது நீயா?) என்று திரையைக் காட்டினார். என் படம், என் பெயர், கடைப் பெயர். கீழே முந்தாநாள் இரவு 11.40க்கு பேஸ்புக் சண்டையொன்றில் நான் எழுதிய ஒரு வரி: “இப்படிக் கதை விடுறவங்களக் கிழிச்சுத் தொங்கவிடணும்.” அதற்கும் கீழே யாரோ போட்ட சிங்கள மொழிபெயர்ப்பு, ‘எல்லன்ன ஓனே’ என்று முடிந்தது. தூக்கில் போடவேண்டும் என்று அர்த்தம். ஒருவரின் வாதத்தை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து வைப்பதற்கு நாம் வாய் நிறையச் சொல்கிற பேச்சு, அங்கே கொலை மிரட்டலாகி நின்றது. நானூறுக்கு மேல் ஷெயார் போயிருந்தது. அய்யே வேறொன்றும் கேட்கவில்லை. “கடையைச் சாத்திட்டு வீட்டுக்குப் போ” என்று மட்டும் சொன்னார்.

1983 ஆடிக் கலவரத்தில் பதுளை பஸாரில் கடைகள் எரிந்ததைக் கண்ணால் பார்த்தவர் என் அப்பா. அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவனுக்கு அந்தக் காலையில் கை எப்படி நடுங்கியிருக்கும் என்று நான் விளக்கத் தேவையில்லை. அதிலிருந்து விஷயம் ஓய 47 நாள் பிடித்தது. சட்டத்தரணிக்கு இரண்டு தடவையாக 20,000 ரூபா, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்புக்கு 3,000, பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் 4,600, ஒன்பது நாள் கடை பூட்டியதில் 31,500. கூட்டினால் 59,100. டியூஷன் வகுப்பொன்றுக்கு மாதாமாதம் வினாத்தாள் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்த 9,000மும் அந்த மாதத்தோடு நின்றது. நேரக் கணக்கு இதைவிட மோசம். போனில் டிஜிட்டல் வெல்பீயிங் என்று ஒன்று இருக்கிறது, செட்டிங்ஸுக்குள் போனால் ஒவ்வொரு செயலியிலும் நாளுக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று காட்டும். பேஸ்புக்கில் மட்டும் எனக்கு நாளுக்கு 3 மணித்தியாலம் 40 நிமிடம். முன்பின் தெரியாத ஆட்களோடு மல்லுக்கட்டியது 11 கிழமை. அதாவது 282 மணித்தியாலம், எட்டு மணித்தியால வேலை என்று பார்த்தால் தோட்டத்துக் கணக்கில் 35 பேர், அதாவது 35 நாள் வேலை.

சண்டை, உச்சியில் பாதச்சுவடு உள்ள சிவனொளிபாதமலையைப் பற்றியது. டிசம்பர் போயாவில் (பௌர்ணமியில்) தொடங்கி வெசாக் வரைக்கும் நல்லதண்ணிப் பக்கம் சனம் ஏறி இறங்கும் காலத்தில், ‘இந்த மலை யாருக்குச் சொந்தம்’ என்று வருசா வருசம் ஒருவர் கிளப்பிவிடுவார். எனக்கு வரலாற்றில் கொஞ்சம் வாசிப்பு உண்டு, அதனாலேயே விழுந்தேன். இப்போது யோசித்தால், அந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருந்தன. யார் எந்தக் காலத்தில் அந்த மலையை என்ன பெயரில் அழைத்தார்கள் என்பது ஒன்று. அதற்குப் பதில் தேடலாம். 1344இல் மொரோக்கோ யாத்திரிகர் இபன் பதூதா ஆதமின் பாதம் என்று நம்பி ஏறிப்போய் எழுதி வைத்திருக்கிறார். மணிமேகலையில் அதே மலை ‘சமந்தம்’ என்ற பெயரில், புத்தரின் பாதம் உள்ள இடமாக வருகிறது. தமிழ்க் காப்பியமே அப்படிச் சொல்கிறது என்றதும் ‘தமிழன் மலை’ என்றவர்களுக்கும் கோபம், ‘தமிழருக்கு அங்கே என்ன வேலை’ என்றவர்களுக்கும் கோபம். மற்றது, இன்றைக்கு யாருக்குச் சொந்தம் என்பது. 2,243 மீற்றர் உயரமான மலையை ஒருவர் பெயரில் எழுதிக்கொடுக்கும் தகுதி எந்தக் கொமெண்டுக்கும் கிடையாது. முதல் கேள்விக்கான ஆதாரத்தை அள்ளி இரண்டாவது கேள்விக்குள் கொட்டிக்கொண்டிருந்தேன். எவ்வளவு கொட்டினாலும் நிரம்பாது.

ஆகவே வாதத்துக்குள் இறங்கும் முன் மற்றவர் சொல்வதை ஒரே வசனத்தில் நீங்களே எழுதி, “நீங்க சொல்றது இதுதானே?” என்று கேளுங்கள். ஆமென்றால் அது சரிபார்க்கக்கூடிய தகவலா, விருப்பு வெறுப்பா, இல்லை பட்ட காயமா என்று பிரியுங்கள். தகவலுக்கு மட்டும் ஆதாரம் கொடுங்கள். இல்லை என்று வேறெதற்கோ தாவுகிறவர் சண்டைக்கு வந்தவர், அங்கேயே விட்டுவிடலாம். வேத வசனம் காட்டுகிறவரிடம் அதிகாரம், வசன எண், யாருடைய மொழிபெயர்ப்பு என்று கேளுங்கள், முன்னும் பின்னும் மூன்று வரி வாசியுங்கள். அந்த ஆறு வரியில் அர்த்தம் மாறிப்போவது வழக்கம். கோயில் நூலாக இருந்தாலும் இதே விதிதான். நம்முடையதென்றால் மட்டும் சரிபார்க்காமல் விடுவது எனக்கும் இருந்த பழக்கம்.

எண்களோடு வருகிறவர்கள்தான் ஆபத்தானவர்கள், ஏனென்றால் எண் பார்க்க உண்மை போலவே இருக்கும். “மலையகத்தான் எண்ணிக்கையே இல்லாத ஆள்” என்று ஒருவர் 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். மலையகத்தாரைக் குறிக்கும் இந்தியத் தமிழர் என்ற தலைப்பின் கீழ் 8 இலட்சத்து 39 ஆயிரம் சொச்சம், அது சரிதான். 1971இல் அதே தலைப்பின் கீழ் 11 இலட்சத்து 74 ஆயிரம் இருந்தது, 1981இல் 8 இலட்சத்து 18 ஆயிரமாக இறங்கியது. சனம் எங்கே போனது? 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி கப்பல் ஏறியவர்கள் ஒரு பங்கு, இலங்கைத் தமிழர் என்று பதிந்துகொண்டவர்கள் இன்னொரு பங்கு. ஆக அந்த எண் சொல்வது, எத்தனை பேர் அந்தப் பெட்டியில் அடையாளமிட்டார்கள் என்பதை. எந்த எண் வந்தாலும் யார் எண்ணினார்கள், எந்த வருசம், எதை எண்ணினார்கள் என்ற மூன்றையும் கேட்டுவிட்டுப் பிறகு பதில் எழுதுங்கள்.

2009இல் முடிந்த போரின் கடைசிக் கட்டத்தைப் பற்றிய வாதத்தில் இது இன்னும் கூர்மையாக வரும். 40,000, 70,000, 146,679 என்று மூன்று எண்கள் மாறிமாறிப் பறக்கும், ஒரே விஷயத்துக்கான மூன்று மதிப்பீடு போல. 146,679 என்பது மன்னார் ஆயராக இருந்த இராயப்பு ஜோசப் 2011இல் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் வைத்தது. 2008 ஒக்டோபரில் வன்னியில் இருந்ததாக அரச செயலகப் பதிவு சொன்ன 429,059 பேரிலிருந்து, பிறகு அரச கட்டுப்பாட்டுக்குள் வந்த 282,380 பேரைக் கழித்தால் வரும் மிச்சம். இவர்களுக்கு என்ன ஆனது என்று அவர் கேட்டார். அதை எடுத்து ‘இத்தனை பேர் செத்தார்கள்’ என்று எழுதினால் மறுபக்கம் உங்களை ஒரே வரியில் மடக்கிவிடும். 40,000 வரை பொதுமக்கள் இறந்திருப்பதற்கான சாத்தியத்தை ஒதுக்கமுடியாது என்றது 2011இல் வந்த ஐ.நா. நிபுணர் குழு அறிக்கை. 70,000க்கு மேற்பட்டோர் கணக்கில் வராததாகத் தகவல் உண்டு என்றது 2012இல் வந்த ஐ.நா. உள்ளக மீளாய்வு. இறந்தோர், கணக்கில் வராதோர், கழித்தல் மிச்சம் என்று மூன்றும் வெவ்வேறு.

இதையெல்லாம் சரியாகத் தெரிந்து வைத்துக்கொண்டே நான் பிழை செய்தேன். வெளிநாட்டிலிருந்து ஒருவர் “தோட்டத்தானுக்குப் போரைப் பற்றி என்ன தெரியும்” என்று கேட்டார். சுரீரென்றது. 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து அடிபட்டு ஓடிப்போய் வன்னியில் குடியேறிய குடும்பங்களை எழுதினேன், 2000 ஒக்டோபரில் பண்டாரவளை பிந்துனுவெவ முகாமில் தமிழ் இளைஞர்கள் கொல்லப்பட்டதை எழுதினேன். அதுவரை நியாயம் என் பக்கம்தான். பிறகு ஜெயிக்கும் ஆசை பிடித்துக்கொண்டது. அவர் சொன்ன எண்களை ஒவ்வொன்றாகப் பிழை பிடிக்கத் தொடங்கினேன். ஆறாவது பதிலில் அவர் எண்ணை விட்டுவிட்டார். “நான் புதுமாத்தளன்ல இருந்தனான்” என்று மட்டும் வந்தது. போரின் கடைசியில் சனம் சிக்கிக்கிடந்த இடம் அது. அதற்கு முந்தின பதிலிலேயே அவர் ஊர்ப்பெயர்கள் சொல்லத் தொடங்கியிருந்தார், நான் கவனிக்கவில்லை. எண் சொல்லிக்கொண்டிருந்தவர் ஊர்ப்பெயர் சொல்லத் தொடங்கினால் வாதம் அந்த இடத்தில் முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அவர் கதைப்பது தன் வீட்டு ஆட்களை. அவருக்கு நான் மன்னிப்புக் கேட்டு எழுதினேன், பதில் வரவில்லை.

இனி மொழி. என் வரி எப்படிக் கைமாறியது என்று பார்த்தால், சிங்களம் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து மொழிபெயர்த்ததாகத் தெரியவில்லை. இயந்திரம் போட்ட மொழிபெயர்ப்பின் வாடை அடித்தது. இயந்திரத்துக்கு மரபுத்தொடர் புரிவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. இதற்கு நான் கண்டுபிடித்த வழி: எழுதியதை கூகுள் டிரான்ஸ்லேட்டில் போட்டுச் சிங்களமாக்கி, அந்தச் சிங்களத்தை மறுபடி தமிழாக்கிப் பாருங்கள். சிங்களம் வாசிக்கத் தெரியாதவருக்கும் இது போதும். திரும்பி வருகிற தமிழில் ஒரு பிணம் கிடந்தால் வசனத்தை மாற்றுங்கள். வெளுத்து வாங்குவது, நொறுக்குவது, கொளுத்திப் போடுவது, தலை உருளும், செருப்பால் அடிக்கணும், ஒரு நாளைக்குத் தெரியும் என்பதெல்லாம் நம் வாயில் இனிக்கும். எல்லை தாண்டினால் எதுவும் நம் கையில் இல்லை. 2019 மே மாதம் சிலாபத்தில் ஒரு முஸ்லிம் கடைக்காரர் ஆங்கிலத்தில் எழுதிய சின்ன கொமெண்ட், ‘அதிகம் சிரிக்காதே, ஒரு நாள் அழுவாய்’ என்ற மாதிரி, மிரட்டலாக வாசிக்கப்பட்டு ஊரடங்குச் சட்டம் வரை போனது.

சட்டம் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதும் எனக்கு அப்போது தெரியாது. 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐசிசிபிஆர் (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை) சட்டத்தின் 3ஆம் பிரிவு, போருக்குப் பிரசாரம் செய்வதையும், பாரபட்சத்தையோ பகையையோ வன்முறையையோ தூண்டும்படி இன மத வெறுப்பைப் பரப்புவதையும் குற்றமாக்குகிறது. 10 வருசம் வரை சிறை. பிணை மேல் நீதிமன்றத்தில் மட்டும், அதுவும் விசேட காரணம் காட்டினால். சிறுபான்மையைக் காக்க வந்த சட்டம் என்று பெயர். 2020 ஏப்ரலில் கட்டுகஸ்தோட்டையில் ஓய்வுபெற்ற அரச உத்தியோகத்தர் ஒருவர், பேனாவால் செய்யவேண்டிய கருத்துப் போராட்டத்துக்கு ‘ஜிஹாத்’ என்ற சொல்லைப் போட்டதற்காக இதே சட்டத்தின் கீழ் ஐந்து மாதம் உள்ளே இருந்தார். அவருடைய அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று உயர் நீதிமன்றம் சொல்ல 2023 நவம்பர் ஆனது. இதற்கு மேல் இணையத்தில் எழுதுவதற்கென்றே 2024இன் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்தது.

பதற்றத்தில் நான் செய்த முதல் வேலை கொமெண்டை அழித்தது. மிகப் பெரிய பிழை. நம் கொமெண்டை அழித்தால் அதற்குக் கீழே வந்த பதில்களும் சேர்ந்து போய்விடும். “அவங்க வாதத்தச் சொல்றேன், ஆளை இல்ல” என்று நானே கீழே எழுதியிருந்த பதிலும் அப்படிப் போனது. மிஞ்சியது அவர்கள் வெட்டி எடுத்த ஸ்கிரீன்ஷொட் மட்டும். நல்ல காலத்துக்குக் கொட்டகலையில் ஒரு சிநேகிதன் முழுத் தொடரையும் எடுத்து வைத்திருந்தான். ஆகவே வரிசை இது. முதலில் கணினியின் பிரவுசரில் திறந்து, கொமெண்டுக்குக் கீழே உள்ள நேரத்தை அழுத்தினால் அந்தக் கொமெண்டின் தனி முகவரி வரும், அதைக் கொப்பி செய்யுங்கள். மூலப் பதிவிலிருந்து கடைசிப் பதில் வரை நிறுத்தாமல் ஸ்கிரீன் ரெக்கோர்ட் எடுங்கள். இரண்டையும் உங்களுக்கே மின்னஞ்சல் செய்யுங்கள், அதில் திகதி விழுந்துவிடும். பரப்புகிறவரின் பெயரைக் குறித்துப் பிரயோசனமில்லை, பெயரை நாளைக்கே மாற்றுவார்கள், கணக்கின் முகவரியை எடுங்கள். அது பக்கமாக இருந்தால் பேஜ் டிரான்ஸ்பேரன்ஸி என்ற இடத்தில் எப்போது தொடங்கியது, முன்பு என்ன பெயர், நடத்துகிறவர்கள் எந்த நாட்டில் என்று கிடக்கும். என்னைப் போட்ட பக்கம் போன வருசம் வரை கிரிக்கெட் பகிடிப் பக்கம். இவ்வளவும் கையில் வந்த பிறகு அழியுங்கள். திருத்தினால் பழைய வடிவம் தொகுப்பு வரலாற்றில் தெரியும், அதனால் திருத்திச் சமாளிக்கப் பார்க்கவேண்டாம்.

மூன்றாம் நாள் பொலிஸிலிருந்து போன். தனியாகப் போனேன், அது இரண்டாவது பிழை. வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதி, அரைகுறைத் தமிழில் எனக்குச் சொன்னார்கள், கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். பிறகு சட்டத்தரணி வாசித்துக் காட்டியபோதுதான் ‘தூக்கில் போடவேண்டும் என்று எழுதியதை ஏற்றுக்கொள்கிறேன்’ என்று இருப்பது தெரிந்தது. அந்த ஒரு வரியை நேராக்கத்தான் மூன்று கிழமை. போன் வந்தால் பேசுகிற அதிகாரியின் பெயர், பதவி, நிலையம் மூன்றையும் எழுதிக்கொண்டு, சட்டத்தரணியோடு எப்போது வரலாம் என்று மரியாதையாகக் கேளுங்கள். தமிழில் வாக்குமூலம் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. நுவரெலியா, அம்பகமுவை போன்ற பிரிவுகள் வர்த்தமானியில் அறிவித்த இருமொழிப் பிரிவுகள். தமிழ் எழுதுகிற ஆள் இன்றைக்கு இல்லை என்றால் அவர் வரும் நாளைக் கேளுங்கள். வாசித்துப் புரியாத தாளில் கையெழுத்து வேண்டாம். போனை வாங்கிக்கொண்டால் ரசீது கேளுங்கள், *#06# அழுத்தினால் வரும் ஐஎம்இஐ இலக்கத்தை வீட்டில் முன்கூட்டியே எழுதி வையுங்கள். கைது என்றால் காரணத்தைச் சொல்லவேண்டும், 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்தவேண்டும். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 இலக்கம் அம்மாவின் போனிலும் இருக்கட்டும்.

என்னைக் காப்பாற்றியது சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் ஒரு பக்கம். வரியை மொழிபெயர்த்து, இது கடுமையாக விமர்சிப்பதைக் குறிக்கும் வழக்கு என்று குறிப்பும் எழுதினார். கூடவே தமிழ்ப் பத்திரிகைகளில் ‘எதிர்க்கட்சியைக் கிழித்துத் தொங்கவிட்டார்’ என்ற மாதிரி வந்த தலைப்புகள் நான்கைத் தேடி என் மெஷினிலேயே கொப்பி எடுத்து இணைத்தேன். அதைப் பார்த்த அதிகாரி சிரித்துவிட்டார். மரக்கறிக் கடை அய்யேயும் தானாக வந்து எனக்காகப் பேசினார்.

இப்போது எழுதுவதை முழுக்க விடவில்லை. ஒரு ஆளுக்கு மூன்று பதில், இரவு ஒன்பதுக்குப் பிறகு ஒன்றும் கிடையாது. கணக்கிலிருந்து கடைப் பெயரை எடுத்துவிட்டேன், கடைக்குத் தனிப் பக்கம். போர்ப் படம் யாராவது போட்டால் முதலில் கூகுள் லென்ஸில் போட்டுப் பார்ப்பேன், பாதி வேறு நாட்டுப் படமாக இருக்கும். வட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறியோடு வந்தால் அது ஏற்கெனவே பல கை மாறியது, அனுப்பியவரைத் திட்டிப் பிரயோசனமில்லை.

இன்னொன்று சொல்லவேண்டும். மலைச் சண்டைக்கு ஐந்து கிழமைக்கு முன், தோட்டங்களில் குடி, பிள்ளைகள் படிப்பை விடுவது என்று கொழும்பு ஆட்கள் சிலரோடு வாதம். ‘அப்பா குடித்தே அழித்தார், இரண்டு பிள்ளைகளும் ஒன்பதாம் ஆண்டோடு கொழும்புக் கடைகளுக்குப் போய்விட்டார்கள்’ என்று ஒரு வீட்டை உதாரணம் காட்டினேன். பெயர் போடவில்லை. என்னை மாட்டிவிட்டவர்கள் பழைய கொமெண்டுகளைக் கிளறியபோது அதுவும் மேலே வந்தது. வாதிட்ட ஆளுக்கு அது ஏதோ ஒரு வீடு. பன்னிரண்டு காம்பரா (அறை வீடு) ஒட்டி நிற்கும் தோட்டத்து லயத்தில் பெயர் எதற்கு? நாலாவது காம்பரா அக்கா என்னைப் பிள்ளையில் தூக்கி வளர்த்தவர். மன்னிப்புக் கேட்கப் போனேன், “அதெல்லாம் ஒண்ணும் இல்ல தம்பி” என்றார், தேத்தண்ணியும் கொடுத்தார். ஆனால் காலையில் நான் வாளியோடு பீலிக்கு வந்தால் இன்றைக்கும் தன் வாளி நிறையும்வரை நிற்பதில்லை. பாதித் தண்ணியோடு தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்.